தேற்றங்களின் பின்பாதி

அப்பா காலேஜில் கணக்கு படித்தவர் என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட படிப்பு என்பதையும் எழுதிவைக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் நான் பி.எஸ்சி. கடைசி ஆண்டில் இருந்தேன். இராஜாக்கமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நாகர்கோவில் போய் வருவேன். பிளஸ் டூவில் தமிழ் மீடியம். அங்கே எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டால் இரண்டு எக்ஸ், அவ்வளவுதான். காலேஜில் அது ஏன் இரண்டு எக்ஸ் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அந்தப் பேப்பருக்கு ரியல் அனாலிசிஸ் என்று பெயர். பேராசிரியர் எப்சிலான், டெல்டா என்று இரண்டு எழுத்துகளை வைத்து ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுவார், அழிப்பார். நான் பார்த்து எழுதிக்கொள்வேன். புரியவில்லையே என்ற கவலைகூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் மரத்துப்போய் இருக்குமே, அந்த ஒரு மணி நேரம் அப்படித்தான் இருக்கும்.

தேறியே ஆக வேண்டும் என்பது மட்டும் தெரியும். உங்கள் அத்தையின் கணவர், என் அத்தான், குவைத்தில் ஓர் ஆபீஸ் வேலை சொல்லி வைத்திருந்தார். டிகிரி இருந்தால்தான் எடுப்பார்கள்.

எங்கள் தெருவிலிருந்து இன்னொருவனும் என்னோடு படித்தான். சாயங்காலம் கடலோரத்தில் சிலுவை வைத்த சின்னக் கோயிலான குருசடியின் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்வோம். எங்களுக்குத் தெரிந்த மனப்பாடம் ஒன்றுதான். ஜெபமாலையில் ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்வார்கள் அல்லவா? அதே மாதிரி. அவனுக்கு நல்ல குரல். "எப்சிலான் பூஜ்யத்தைவிடப் பெரிது என்க" என்று தொடங்கி, என்ன காட்ட வேண்டும் என்பதுவரை சொல்லி நிறுத்துவான். நான் "டெல்டா, எப்சிலான் பை மூன்று என்க" என்று பிடித்துக்கொண்டு முடித்துவைப்பேன். ஒரு சாயங்காலத்தில் பதினைந்து தேற்றம் ஓடும்.

ஜெபமாலையில் பத்து மணிகள் உருட்டி முடிந்ததும் தொடங்குகிற ஆள் மாறும். நாங்கள் மாறவே இல்லை.

பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த தேற்றங்கள். ஆனால் முன்பாதி காதில் விழாமல் எனக்குப் பின்பாதி வரவில்லை. வந்ததும் இடம் மாறி வந்தது. ஐந்து எக்ஸ் கேட்ட இடத்தில் ஐந்தால் வகுக்காமல் மூன்றால் வகுத்த டெல்டாவை எழுதினேன். இரண்டு வரிசை தள்ளி அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் கேட்டான். "எழுதினியாலே?"

"பின்னால உள்ளது கொஞ்சம். நீ?"

"எப்சிலான் எப்சிலான்னு எட்டுப் பக்கம். ஒண்ணையும் முடிக்கல."

பக்கத்தில் நின்ற சுசீந்திரத்துப் பெண் எங்கள் வகுப்புதான், யாரோடும் சேராமல் தானே உட்கார்ந்து படிப்பவள். நாங்கள் பாதி பாதியாக மனப்பாடம் செய்த கதையைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரு பேப்பரையும் சேத்துத் தச்சுக் குடுத்திருந்தா ஒரு பாஸ் கெடச்சிருக்கும்" என்றாள். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ரிசல்ட் வந்தபோது இரண்டு பேருக்கும் அந்த ஒரு பேப்பர் அரியராக நின்றுவிட்டது. அத்தான் ஃபோனில், "இனியும் பிடிச்சு வைக்க முடியாது மக்கா, வேற ஆளு வந்தாச்சு" என்றார். சரி என்றேன். வைத்துவிட்டார்.

கூட்டாளி அரியர் எழுதவில்லை. அவன் அப்பாவோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகத் தொடங்கியிருந்தான். கரையில் வலை மடித்துக்கொண்டிருந்தவனிடம் நோட்டைக் கொண்டுபோனேன்.

"முன்பாதிய ஒருக்கா சொல்லுலே. எழுதிக்கிடுதேன்."

"அந்த எளவ எல்லாம் மறந்தாச்சு. நீயே ரெண்டையும் சொல்லிப் பாரு."

தனியாக உட்கார்ந்து இரண்டு குரலையும் நானே சொன்னேன். சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது, எப்சிலான் என்பது எதிராளி கேட்பது. எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும், அதற்குத் தகுந்த டெல்டாவை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேள்வி வராமல் பதிலை முடிவு செய்ய முடியாது. அந்த வருடம் முழுக்கப் போர்டில் இருந்தது இவ்வளவுதான். புரிந்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த தடவை தேறினேன். மார்க் ஷீட்டை வீட்டில் காட்டியபோது உங்கள் தாத்தா கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்தானுக்கு விளிச்சுச் சொல்லட்டா?"

அந்த வேலையில் வேறு ஆள் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"எதுக்குப்பா?"

"பாஸ் ஆயிட்டான்னு சொல்லாண்டாமா?"

"சொல்லுங்க" என்றேன். அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி முற்றத்துக்குப் போனார். சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சட்டையை மாற்றிவிட்டு, சோறு போட்டுச் சாப்பிட்டேன்.