அண்ணியோடு மிஸ்ஸைப் பார்க்கப் போன நாள்

நான்கு வயது மகளிடம் வீட்டில் எந்த மொழியில் பேச வேண்டும்? இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பெங்களூரு ஜோகுபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டில் பேசுவது தமிழ். கீழ் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியே மகளுக்குக் கன்னடமும் வந்துவிட்டது. பள்ளியிலிருந்து திரும்பும்போது ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு, யார் யாரைத் தள்ளிவிட்டார்கள், யார் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள்.

எல்கேஜியில் சேர்ந்து சில வாரங்களில் மிஸ் என்னை அழைத்தார். வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை, வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றார். அன்று மாலையே தொடங்கிவிட்டேன். ஆனால் என்னுடையது அலுவலக ஆங்கிலம். அதில் மெயில் எழுத வரும், கொஞ்ச வராது. பாலைக் குடி என்று ஆங்கிலத்தில் சொன்னால், "எஸ் மம்மா" என்பாள். அத்தோடு சரி. மெல்ல ஸ்கூட்டர் பேச்சும் நின்றுபோனது. ஒரு நாள் நனைந்த யூனிஃபார்மோடு வந்தாள். என்ன ஆயிற்று என்று, அதையும் ஆங்கிலத்தில்தான் கேட்டேன்.

"நத்திங் மம்மா."

பள்ளியில் பேசாத பிள்ளை இப்போது என்னிடமும் பேசவில்லை.

என் கணவரின் அக்காவிடம் சொல்லி அழுதேன். அண்ணி காக்ஸ் டவுனில் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் இருக்கிறார். "மிஸ் சொன்னா கோர்ட் ஆர்டரா? போய்ப் பேசு" என்றார். எனக்கு நேரில் பேச வராது, நீங்களும் வாருங்கள் என்று கெஞ்சினேன்.

அண்ணி வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை என் பல்லைக் காட்டப் போயிருந்தபோது, நெடுநேரம் காத்திருந்த ஒருவர் உருதுவில் சத்தம் போட்டார். அண்ணி குறுக்கே பேசவில்லை. அவர் முடித்த பிறகு, அவர் சொன்னதையே சுருக்கி உருதுவிலேயே திருப்பிச் சொல்லி, இதுதானே என்று கேட்டார். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் டாக்டர் வரத் தாமதமாகும் என்ற செய்தியைச் சொன்னார். அலுவலக மீட்டிங்கில் வாய் உலர்ந்துபோகும் எனக்கு அது வித்தையாகத் தெரிந்தது.

பள்ளியில் நான் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வந்த வாக்கியங்கள் இரண்டாவதிலேயே சிக்கிக்கொண்டன. அண்ணி என் கையை லேசாகத் தொட்டார். மிஸ் ஆயாவிடம் கன்னடத்தில் பேசியதைக் கவனித்திருக்கிறார் போல. கன்னடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். குழந்தை பேசாமல் இருப்பதில் உங்களுக்கு எது அதிகக் கவலையாக இருக்கிறது?

மிஸ்ஸும் கன்னடத்துக்கு மாறினார். வகுப்பு நிறையப் பிள்ளைகள். வயிறு வலித்தாலும் பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் இவள் சொல்லாமலே உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் பயம் என்றார்.

"அப்போ இங்கிலீஷ் இல்ல உங்க கவலை. கஷ்டப்பட்டாலும் சொல்லாம இருக்காளேன்னுதான், இல்லையா?" என்று அண்ணி கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றார் மிஸ். எங்கள் பிள்ளை கன்னடம் நன்றாகப் பேசுவாளே என்று அண்ணி சொன்னபோது மிஸ் முகத்தில் வந்த வியப்பை நான் மறக்க மாட்டேன். அவரிடமும் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று என் மகள் நினைத்திருக்கிறாள். பள்ளியின் விதியும் அதுதான். மிஸ் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரத்துக்கு என்னிடம் கன்னடத்தில் சொல்லட்டும் என்றார். யாரும் யாரையும் தப்பு சொல்லவில்லை. இதே விஷயத்தை நான் பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

வெளியே வந்ததும், எப்படி அண்ணி என்றேன்.

"நீ பதில் சொல்லத்தான் ரெடி பண்ணிட்டு வந்தே. அவங்க கவலை என்னன்னு நீ இன்னும் கேக்கவே இல்லையேம்மா."

அன்றே வீட்டில் தமிழுக்குத் திரும்பினேன்; மிஸ்ஸிடம் கன்னடத்தில் சொல்லலாம் என்று மகளிடமும் சொன்னேன். அந்த வாரமே பாத்ரூம் போக வேண்டும் என்று மிஸ்ஸிடம் கன்னடத்தில் சொன்னாளாம். ஸ்கூட்டரில் பேச்சு திரும்பி வந்தது, மூன்று மொழியும் கலந்து.

ஆனால் யுகேஜிக்குள் ஆங்கிலம் வந்தாக வேண்டும் என்று மிஸ் சென்ற வாரம் சொல்லியனுப்பியிருக்கிறார். அதையும் தட்ட முடியவில்லை. மீட்டிங்கில் நான் விழிப்பதுபோல் அவள் விழிக்கக் கூடாதே. அண்ணியைக் கேட்டால், உன் பிள்ளையையே கேள் என்று சிரிக்கிறார். மறுபடி அந்த "நத்திங் மம்மா"வைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இப்படிப் பல மொழிகளுக்கு நடுவே பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால், பேச்சு நின்றுபோகாமல் ஆங்கிலத்தை எப்படி வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.