பிள்ளையார் சுழியிட்ட வாக்குச்சீட்டு

“செவ்வாய்க்கிழமை, பின்னேரம். ஒரு வாக்கு நிராகரிப்பு. காரணம்: வாக்காளரை அடையாளம் காணக்கூடிய குறி. அடையாளம் கண்டவர்: எங்கள் எஸ்.பி.ஓ.” கடந்த உள்ளூராட்சித் தேர்தலன்று என் நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்.

எஸ்.பி.ஓ. என்பது வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பான அதிகாரி. எங்களுடையவர் மருதனார்மடத்தில் வசித்த ஒரு திணைக்கள உத்தியோகத்தர். தொண்டைமானாற்றுப் பக்கம் கடலோரப் பாடசாலை ஒன்றில் அவருக்குக் கீழே நான் எழுதுவினைஞனாக இருந்தேன். வாக்களிப்பு முடிந்ததும் வட்டாரத்தின் முழு வாக்குகளையும் அதே மண்டபத்தில் எண்ணவேண்டும். கைத்தொலைபேசிகளை வாங்கி ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டார்கள். கதவை மூடினார்கள். கடற்காற்று சீட்டுகளை அள்ளிவிடும் என்று ஜன்னல்களையும் மூடி, மின்விசிறியையும் நிறுத்தினார்கள். சிறுபிள்ளைகளின் வாங்குப்பலகைகளில் முழங்கால் இடிக்க இருந்தோம். வியர்த்த கைகளில் சீட்டுகள் ஒட்டின. முடிவு எழுதிக் கையொப்பமிடும்வரை யாரும் வெளியே போகமுடியாது.

இரண்டு தரப்புக்கும் கட்டுகள் சமமாக வந்து நின்றன. சந்தேகத்துக்குரியது என்று ஒதுக்கிவைத்த ஒரு சீட்டு மட்டும் மிச்சம். கடற்கரைக்கு வீதியும் விளக்கும் கேட்டுப் போட்டியிட்ட மகளிர் சங்கத் தலைவியின் சின்னத்துக்கு நேரே தெளிவான புள்ளடி. சீட்டின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி, கீழே இரண்டு கோடு. கடிதமோ கடைத்துண்டோ, எதை எழுதினாலும் முதலில் சுழி போட்டுப் பழகிய கை, மறைப்புக்குள்ளே தனியாக நின்றபோதும் தன் பாட்டில் போட்டிருக்கிறது. சீட்டு செல்லுமென்றால் அந்த அம்மா வெற்றி. செல்லாதென்றால் சமநிலை, திருவுளச்சீட்டுக் குலுக்கல். அவர் பாடசாலைப் படலைக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தார்.

“சேர், உது பிள்ளையார் சுழி. பால்காரன்ரை துண்டிலையும் உதுதான் கிடக்கு. உதை வைச்சு ஆரைப் பிடிக்கப்போறியள்?” என்றார் அவருடைய முகவர், வலை வியாபாரி.

“பிள்ளையாரைப் பிடிக்கலாம். அவருக்கு இந்த வட்டாரத்திலை வாக்கிருக்கோ?” என்றார் எதிர்த்தரப்பு முகவர், மருந்துக்கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். எஸ்.பி.ஓ. சிரிக்கவில்லை. வாக்காளரை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் எழுதியிருந்தால் சீட்டு செல்லாது என்பது சட்டம். ஊருக்கே பொதுவான சுழி யாரையும் காட்டாது. “செல்லும்” என்று சொல்லப்போகிறார் என்றே நான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“சுழி பொதுதான். இதின்ரை வால் பொது இல்லை. ஆர் போட்டதெண்டு எனக்குத் தெரியும்.”

“ஆர் சேர்?” என்றார் வலை வியாபாரி.

“சொல்ல ஏலாது. வாக்கு இரகசியம்.”

“அப்ப தெரியாதெண்டு விடுங்கோவன்!”

“தெரியுதே.”

திருவுளச்சீட்டில் மருந்துக்கடைக்காரரின் தரப்பு வென்றது. வலை வியாபாரி கதவைத் திறக்கச்சொல்லிக் கையால் அடித்தார். கையொப்பங்கள் முடியவில்லை, திறக்கவில்லை. அவமானப்பட்ட வலை வியாபாரியும் அவமானப்படுத்தியதாகக் கருதப்பட்ட எஸ்.பி.ஓ.வும் அந்தப் புழுக்கத்தில் எதிரெதிரே இருந்தார்கள்.

தேர்தல் மனுவுக்கான காலம் முடியுமுன் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். “தம்பி, அவருக்கு உண்மையிலை தெரியுமோ, இல்லாட்டி ஆரும் தெரியவைச்சவையோ?” என்று கேட்டார். மனுப் போட்டால் நீதிமன்றம் அந்த வாக்காளரைத் தேடவேண்டி வரும் என்றேன். “எனக்குப் போட்ட ஆளைக் கோட்டிலை நிப்பாட்டி எனக்கென்ன கதிரை?” என்று எழுந்து போனார்.

எஸ்.பி.ஓ.வுக்குத் தப்ப வழியில்லை. காசுக்கு வாங்கப்பட்டவர் என்று ஊரில் எழுந்த பேச்சை ஒரு பெயரைச் சொல்லி முடித்துவைத்திருக்கலாம். அந்தப் பெயரைச் சொன்ன கணமே, அவர் எதற்காக வாயை மூடினாரோ அது போய்விடும். மருதனார்மடம் சந்தையில் ஒருநாள் மரக்கறிக்காரர், “சேர், உந்த வெண்டிக்காயிலை ஆரின்ரை கையெழுத்தெண்டு பாத்துச் சொல்லுங்கோ,” என்றார். “கையெழுத்துத் தெரியேல்லை. முத்தல் எண்டு தெரியுது,” என்றார் இவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பின் அவரைச் சந்தையில் நான் காணவில்லை.

வாக்களிப்பு இயந்திரம் வந்தால் சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று நடந்த ஒரு சிறு கலந்துரையாடலுக்கு நானும் எஸ்.பி.ஓ.வும் போயிருந்தோம். இயந்திரத்தில் பேனை இல்லை, சுழிப் பிரச்சினையும் இல்லை என்றார் ஒருவர். எஸ்.பி.ஓ. எழுந்தார். “பேனையைப் பறியுங்கோ. கடுதாசியைப் பறிச்சுப்போடாதேங்கோ. மெஷின் ஒரு கடுதாசி அடிக்கவேணும். போட்டவர் அதைக் கண்ணாலை பாக்கவேணும். பிணக்கு வந்தால் கடுதாசியின்ரை கணக்குத்தான் செல்லுமெண்டு சட்டத்திலை கிடக்கவேணும்.”

“கடுதாசியாலை பட்டது போதாதோ சேர்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“மெஷினெண்டால் அந்த வாக்கு அவவுக்குச் சேர்ந்திருக்கும். சேர்ந்ததெண்டு அவ எதை வைச்சு நம்பிறது?” என்றுவிட்டு அமர்ந்தார்.

பிறகு நான் தேடி வாசித்தேன். 2009இல் ஜேர்மனிய நீதிமன்றமொன்று, சிறப்பறிவு இல்லாத குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. சீட்டு எல்லோருக்கும் தெரியவேண்டும். அதைப் போட்டவர் ஒருவருக்கும் தெரியக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட ஒரு மனிதரை எனக்குத் தெரியும்.

அண்மையில் எஸ்.பி.ஓ. காலமானார். அவருக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் அந்த வட்டாரத்தில் வாக்காளர் என்று செத்தவீட்டில் அறிந்தேன். யாரென்று எழுதமாட்டேன். அந்தச் சுழியின் வாலை நானும் பார்த்திருக்கிறேன். அந்த உறவினரிடம் ஒரு வரி எழுதித்தரச் சொன்னால், உச்சியில் விழும் சுழியே போதும். இறந்தவரின் பெயர் துலங்கும். எனக்குப் பக்கத்திலேயே அந்த உறவினர் இருந்தார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆகவே, அந்த வாக்கு யாருடையது என்பதும், எஸ்.பி.ஓ.வுக்கு அது உண்மையில் தெரிந்திருந்ததா என்பதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.