லிட்டில் இந்தியா நிபுணர்

"வேலையெல்லாம் நல்லாதான் செய்றீங்க. ஆனா மேல இருக்கிறவங்களுக்கு உங்களத் தெரியாது லா. நெட்வொர்க்கிங்குக்குக் கொஞ்சம் டைம் ஒதுக்குங்க" என்றார் என் மேனேஜர். அவரும், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த தமிழர்தான். சாங்கி விமான நிலையத்தில் மருந்துச் சரக்குகளை வைக்கும் குளிர் அறை என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பிரிவின் தலைமைப் பதவி அப்போது காலியாகியிருந்தது. எனக்கு அது வேண்டும் என்று வாய்விட்டே கேட்டிருந்தேன்.

நேரம் ஒதுக்குவதாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? விடியுமுன் செங்காங்கில் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்புகிறேன். சாயங்காலம் மகளை மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்து வந்து, சமைத்து, அவள் பாடத்தைப் பார்த்து, மறுநாள் சீருடையைத் தேய்த்து வைக்கிறேன். இதில் எதை வெட்டிவிட்டு ஒதுக்குவது என்று அறிவுரை சொல்பவர்கள் யாரும் சொன்னதில்லை. அவர்கள் சட்டையை வேறு யாரோ தேய்த்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் போனேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்திருந்தார். பதவி யாருக்கு என்று முடிவு செய்பவர் அவர்தான். லிட்டில் இந்தியாவில், நாங்கள் தேக்கா என்று சொல்லும் இடத்தில், அவருக்கு விருந்து. பேருந்து ஓட்டும் என் கணவர் இன்னொரு ஓட்டுநரிடம் கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு மகளோடு வீட்டில் இருந்தார்.

வாழையிலை போட்டு, நடுவில் மீன் தலைக்கறியை வைத்தார்கள். அது புரட்டாசி மாதம். நான் சைவம். என் மதியச் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு "புரட்டாசியா?" என்று முந்தின வாரம்தான் மேனேஜர் கேட்டிருந்தார். இப்போது மறந்துவிட்டாராம். என்னை அதிகாரியின் பக்கத்தில் உட்காரவைத்து, "இவர் எங்கள் லிட்டில் இந்தியா நிபுணர்" என்று ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினார்.

நான் பிறந்தது இதே ஊரின் இன்னொரு பக்கம், குவீன்ஸ்டவுனில். தேக்காவுக்கு வருவது கறிவேப்பிலை வாங்கவும் தீபாவளிக்குத் துணி எடுக்கவும். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் நான் தொடாத மீனின் கன்னச் சதையை எப்படி எடுப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ரசத்தைக் குடிக்கலாமா, இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்றெல்லாம் கேட்டார், சொன்னேன். குளிர் அறையைப் பற்றி நான் வாயைத் திறந்தபோதெல்லாம் மேனேஜர் குறுக்கே வந்தார்.

"அப்பளம் எதுல செய்றதுன்னு சொல்லுங்க. எனக்கே தெரியாது லா."

இதற்காகவா என் கணவர் இன்னொருவரிடம் ஷிஃப்டுக்காகக் கெஞ்சினார்?

சாப்பிட்டு முடித்து வெளியே டாக்சிக்காக நின்றோம். அதிகாரி எனக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். மனைவிக்குப் புடவை வாங்க நல்ல கடை எது என்று கேட்டார். அதோடு பொறுமை போய்விட்டது.

"புடவைக் கடை பற்றி எனக்கு அதிகம் தெரியாது. சாங்கியில் மருந்துக் குளிர் அறையை நடத்துவது நான்தான்" என்றேன்.

அவர் புரியாமல் மேனேஜரைப் பார்த்தார். "அதை நீங்களே நேரடியாக நடத்துவதாக அல்லவா சொன்னீர்கள்?"

மேனேஜர் கைப்பேசியில் டாக்சியைத் தேட ஆரம்பித்தார். "எல்லாம் டீம் வொர்க்தானே லா" என்று என் பக்கம் தமிழில் முணுமுணுத்தார். எத்தனை வருட உழைப்பை எவ்வளவு சுலபமாகத் தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறார். கத்தியிருப்பேன். தெருவில் கூட்டம் இருந்தது.

அதிகாரியிடம், இருவருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்திலேயே சொன்னேன்: "நாளைக் காலையில், என் வேலை நேரத்தில் வாருங்கள். சுற்றிக் காட்டுகிறேன். உள்ளே நன்றாகக் குளிரும், உங்களுக்கு ஒரு கோட்டு எடுத்து வைக்கிறேன். எங்கள் மேனேஜருக்கும் ஒன்று வைக்கிறேன். அவரும் இதுவரை உள்ளே வந்ததில்லை."