உலகம் அழிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை

சில வருடங்களுக்கு முன்பு, சுங்கை சிப்புட் பக்கம், ஆட்கள் எல்லாம் காலி செய்துபோன ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது.

எனக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. கூட வேலை செய்யும் நண்பனுக்குச் சினிமாப் பைத்தியம். உலகம் அழிந்த பிறகு தன்னந்தனியாக அலையும் ஒருவனைப் பற்றி முழுநீளப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டான். கையில் இருந்தது ஓர் இரவல் கேமரா. அலைபவனாக நடிக்க என்னைப் பிடித்தான். தாடி வைத்திருந்தது ஒன்றுதான் என் தகுதி.

"உலகத்துல நீ மட்டுந்தான் மச்சான். வாயத் தொறக்காதே," என்று உத்தரவு போட்டான். கேமரா ஓடாதபோதும் பேசக்கூடாதாம்.

முகத்தில் சாம்பலும் உடம்பில் கோணிச் சாக்குமாக, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த இடிந்த லயங்களுக்கு நடுவே காலையிலிருந்து நடந்தேன். கூரையில்லாத வீடுகளுக்குள் புல் முளைத்திருந்தது. குசினிச் சுவர்களில் அடுப்புக் கரி இன்னும் ஒட்டியிருந்தது. பனி மெதுவாகக் கலைந்தது. பேசாமலே நடந்ததில் எனக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது. நிஜமாகவே எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் மிச்சம் என்று தோன்றியது.

கடைசிக் காட்சியில் தோட்டத்துக் கோயில் வாசலில் உட்கார்ந்து அழ வேண்டும். அழுகைதான் வரவில்லை. தைலம் தடவினேன், கண் எரிந்ததுதான் மிச்சம். வெளிச்சமோ இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே லயங்களை இடித்துத் தள்ள இயந்திரங்கள் வரப்போவதால் இன்னொரு வாய்ப்பும் கிடையாது. ரப்பரை வெட்டிவிட்டு நட்டிருந்த செம்பனை மரங்களுக்குள் கேமராவோடு ஒளிந்திருந்த நண்பன் தலையில் கை வைத்துவிட்டான்.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கூடையோடு இறங்கிய ஓர் அம்மா வாசலைக் கூட்டி, எண்ணெய் ஊற்றி, விளக்கேற்றினார். கைவிடப்பட்ட கோயில் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் சாமியை விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமையானால் வந்துவிடுவார்கள் என்பது டவுனில் வளர்ந்த எங்களுக்கு எங்கே தெரியும்?

திரும்பி என்னைப் பார்த்தார். பயப்படவேயில்லை.

"எந்த லயத்துப் புள்ளப்பா நீ? வீட்டத் தேடி வந்தியா?"

என் அப்பா பிறந்ததும் இப்படி ஒரு லயத்தில்தான். எந்தத் தோட்டம் என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"வீடெல்லாம் போயிருச்சுலா. சாமி மட்டுந்தான் இருக்கு," என்றவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பசியாறுனியா?"

கூடையிலிருந்த டப்பாவைத் திறந்து, சூடு ஆறாத சர்க்கரைப் பொங்கலை என் கையில் வைத்தார். அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

பிறகு விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் அந்தக் காட்சியைச் சேர்த்தோம். ஊர் மண்டபத்தில் படம் போட்டபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழிந்த உலகத்தில் தூரத்தில் லாரி போனது, என் கையில் கடிகாரம் மின்னியது. ஆனால் அந்த அம்மா திரையில் வந்ததும் மண்டபமே அடங்கிவிட்டது. உலகத்தில் வேறு ஒருவரும் மிச்சமில்லை என்ற எங்கள் கதை அந்த இடத்தில் தோற்றுப்போனது; அது தோற்றதில் எனக்கு இன்றுவரை சந்தோஷம்தான்.