மொட்டை மாடியில் ஒரு படகு

எங்கள் மொட்டை மாடியில் படகு இருந்த வருஷம் எனக்குத் துணி காயப்போட இடம் கிடையாது. ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு, கொடிக்கும் படகுக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அதற்காக இவரைத் திட்டாத நாள் இல்லை. இப்போது மாடி முழுக்க எனக்குத்தான். கொடியில் போர்வையை விரிக்கும்போதெல்லாம், அந்த வருஷம் இன்னொரு தரம் வராதா என்று இருக்கிறது.

இவர் நூல் ஆலையில் எலக்ட்ரீஷியன். மோட்டார் எரிந்துபோனால் உள்ளே கருகிக் கிடக்கும் கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவார். மீசை அரும்பிய வயதில் அந்த இரைச்சலுக்குள் போனவர். நரைத்த தலையோடு வெளியே வந்தபோது இடது காது சுத்தமாகப் போயிருந்தது, வலது காது அரைகுறை. வீட்டில் "என் சீப்பு எங்கே?" என்று கேட்டால் தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டு டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு, "அண்ணே, எங்க வீட்ல இல்ல, நல்லா தேடிப் பாருங்க" என்று குரல் கொடுப்பார்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த சமயம். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "ஆத்துல கடல் வரைக்கும் போகப்போறேன். தனியா. படகை நானே செஞ்சுக்கறேன்" என்றார்.

"யார் கூப்பிட்டாங்க?" என்றேன்.

"யாரும் கூப்பிடல. அதான் போறேன்."

ஆறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாலத்தின் மேல் சைக்கிளில் அதைத் தாண்டித்தான் போவார். ஒருநாள்கூட இறங்கி நின்று பார்த்ததில்லையாம். ஆலையின் சங்கு முந்திக்கொள்ளும்.

அடுத்த வாரமே பிளைவுட் பலகைகள் மாடிப்படி ஏறின. பலகைகளை வளைவாக வெட்டி, ஓரங்களில் பொடிப்பொடியாகத் துளை போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்தார். கம்பியை முறுக்கும்போது அந்த விரல்களைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கும்போது லேசாக நடுங்குகிற விரல்கள், கம்பி என்றால் அடங்கி நிற்கும். தைத்த இடங்களின் மேல் ஃபைபர் துணியை வைத்துப் பிசின் தடவினார். அந்த வாடை சோற்றில்கூட அடித்தது. டெய்லர் மாடிக்கு வந்து தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் பொழப்புல மண்ணைப் போட்றாதீங்க, கேப்டன்" என்றார். அன்றிலிருந்து தெருவுக்கே இவர் கேப்டன்தான்.

டீசல் இன்ஜின் வாங்கி மாட்டினால் வேலை சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். "சத்தம் போடற எதுவும் என்கூட வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றின் மோட்டாரைப் பிரித்து, மெதுவாகச் சுற்றும்படி காயிலைத் திருப்பிக் கட்டினார். படகுக்குக் கூரையாகச் சோலார் பலகைகள். நிழலுக்கு நிழலும் ஆச்சு, கரண்டுக்குக் கரண்டும் ஆச்சு.

வேறு ஊரில் குடும்பமாக இருக்கும் எங்கள் மகளுக்கு விஷயம் எட்டியதும், லீவு போட்டுவிட்டுச் சண்டை பிடிக்கவே வந்தாள். "நீயும் சேர்ந்து ஆடறியா அம்மா?" என்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டு மாடிக்குப் போனாள். சத்தம் வரும், சமாதானம் பண்ணப் போகலாம் என்று கீழேயே காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தால், இவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து உப்புத்தாளால் படகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முடியெல்லாம் வெள்ளைத் தூள்.

"அவரு தேய்ச்சா மேடு பள்ளமா வருதும்மா" என்றாள்.

போட்டிருந்த லீவை நீட்டினாள். கல்யாணமாகிப் போன பிறகு அப்பாவும் மகளும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு போனபோது, "ஏம்ப்பா தனியாத்தான் போகணுமா? யாரையாவது கூட்டிட்டுப் போனா என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "மெஷின் நின்னா என்னைச் சுத்திப் பத்துப் பேரு நிப்பாங்கம்மா. எப்போ முடியும், எப்போ முடியும்னு. ஒரு வேலையாவது யாரும் பக்கத்துல நின்னு கேக்காம செஞ்சு பாக்கணும்."

அவள் உப்புத்தாளை மடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

படகை மாடியிலிருந்து இறக்கியது தனிக் கூத்து. என் பழைய போர்வைகளைச் சுற்றி, கயிறு கட்டி, தெருவே சேர்ந்து இறக்கியது. கீழே நின்ற டெய்லர் "மெதுவா, மெதுவா" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். ஆற்றில் முதல் தடவை விட்டபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நின்றது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் கோபித்துக்கொள்ளவில்லை. பேட்டரிகளை நடுவுக்கு நகர்த்தினார். படகு நிமிர்ந்தது.

கிளம்பிய அன்று காலை நல்ல வெயில். அவல், பழம், தண்ணீர், டார்ச், மருந்து எல்லாவற்றையும் நான்தான் கட்டிக் கொடுத்தேன். படகு நகர்ந்ததே தெரியவில்லை. பேசிக்கொண்டே நின்றேன், பார்த்தால் எனக்கும் அவருக்கும் நடுவில் தண்ணீர்.

இரண்டு நாள் நன்றாகப் போனார். மூன்றாம் நாள் வானம் மூடிக்கொண்டது, சார்ஜ் ஏறவில்லை. யாருமில்லாத ஒரு கரையில் மரத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போனில் சொன்னார். வழியனுப்ப வந்து தங்கியிருந்த மகள்தான் எடுத்தாள். பதறிப்போய், "கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடலாம்மா" என்றாள். நான் போனை வாங்கினேன்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா இருக்கேன்."

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

"பயமா இருக்கா?"

"இல்ல. தண்ணி பலகையில தட்டுது. எனக்குக் கேக்குது" என்றார். அதை மெதுவாகச் சொன்னார். கத்தவே இல்லை.

கூப்பிடப் போக வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன்.

வெயில் வந்ததும் கிளம்பினார். வழியில் ஒரு தடுப்பணையில் மீன் பிடிக்கிறவர்கள் படகைத் தூக்கி மறுபக்கம் விட்டுக்கொடுத்தார்கள். ஆறு அகன்று, கரை தள்ளிப்போன ஒரு இடத்தில் குனிந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாராம். உப்புக் கரித்தது. அதற்கு மேல் அலை. அந்தப் படகு அதற்காகச் செய்ததல்ல. அங்கேயே கரை ஒதுக்கிவிட்டுப் போன் செய்தார்.

அதன் பிறகு இவர் ஆற்றில் போகவில்லை. போகவேண்டும் என்றும் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து இவர் காலமான பிறகு, வாசல் ஓரம் கிடந்த படகை அந்தத் தடுப்பணைக்காரர்களிடமே கொடுத்துவிட்டோம். இன்னும் ஓடுகிறது என்று மகள் சொல்கிறாள்.

எனக்கு மறக்காதது இவரை அழைத்துவரப் போன நாள்தான். லாரியில் படகை ஏற்றிக் கட்டியாயிற்று. முன்னால் டிரைவர் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னோம். இவர் கேட்காமல் பின்னால் படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். முகம் கறுத்து, தாடி வளர்ந்து, யாரோ போல இருந்தார். மகளை முன்னால் அனுப்பிவிட்டு நானும் பின்னால் ஏறினேன்.

"இது ஒரு ஆள் படகு" என்றார்.

"தண்ணியில போனாதானே" என்றேன்.

நகர்ந்து இடம் விட்டார். லாரி கிளம்பியது. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார், கையை ஆட்டி ஆட்டி. லாரி போட்ட சத்தத்தில் எனக்குப் பாதிகூடக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டே வந்தேன்.