வலது கையில் மஞ்சள் நகப்பூச்சு

போன குளிர்காலத்தில் மூன்று வாரம், வலது கை நகங்களில் மஞ்சள் நகப்பூச்சு பூசிக்கொண்டு துபாய் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் நடமாடினேன். எட்டுப் பேர் படுக்கும் ரூம். கேட்கவா வேண்டும். என் மேல்கட்டிலில் இருந்த ராமநாதபுரத்துக்காரர் தினமும் ஒரு தடவையாவது தலையைத் தொங்கவிட்டு விசாரிப்பார்.

"என்னண்ணே, டூட்டிய பியூட்டி பார்லருக்கு மாத்திட்டாங்களா?"

பேஸ்பாலில் பந்து எறிபவருக்கு எதிரே, பேட் பிடிப்பவருக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குத்தவைத்திருப்பவர் கேட்சர். நம் விக்கெட் கீப்பருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து என்ன பந்து போடவேண்டும் என்பதை அவர்தான் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டிச் சொல்வார். அறுபது அடி தள்ளி நிற்பவருக்கு விரல் தெரியவேண்டும் என்று நகத்தில் பளிச்சென்று நிறம் பூசுவது கேட்சர்களின் வழக்கம். ரூமில் இதை விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை.

நான் கேட்சர் ஆனது திறமையால் அல்ல. உடற்கல்விக் கல்லூரியில் எங்கள் வகுப்பை வரிசையாகக் குத்தவைக்கச் சொல்லிவிட்டு மாஸ்டர் டீ குடிக்கப் போனார். திரும்பி வரும்போது நான் ஒருவன்தான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருந்திருக்கும். பல்கலைக்கழக அணியில் மூன்று வருடம் ஆடினேன். அந்தச் சான்றிதழ்களை நம்பி எந்த வேலையும் வரவில்லை. துபாய்க்கு வந்து, கன்டெய்னரில் இறங்கும் அட்டைப்பெட்டிகளை ஸ்கேனரால் பீப் பீப் என்று சுட்டுக்கொண்டு எட்டு வருடம் போனது.

பிறகு இங்கே பேஸ்பால் லீக் ஒன்று தொடங்கினார்கள். உள்ளூரிலேயே கேட்சர் தேவை என்று கேள்விப்பட்டு, வார லீவில் போய் இருபது பந்து பிடித்துக் காட்டினேன். எடுத்துக்கொண்டார்கள். மாற்றுப் பந்துவீச்சாளர்கள் களத்தில் இறங்கும் முன் எறிந்து பார்க்கும் இடம் ஒன்று உண்டு, மைதானத்து எல்லைச் சுவருக்குப் பின்னால். அதற்குப் புல்பென் என்று பெயர். அங்கே அவர்களுக்குப் பந்து பிடிக்க வேண்டும். கேட்சர் யாருக்காவது அடிபட்டால் களத்தில் இறங்கலாம். சம்பளம் உண்டு, சட்டை உண்டு, தொப்பியும் உண்டு. முப்பத்தைந்து வயதில் நான் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனேன். ஒரு மாத வேலை அது. கம்பெனியில் இருந்த ஒரே வழி, ஊருக்குப் போக வைத்திருந்த லீவை எடுப்பது. எடுத்துவிட்டேன்.

என் மனைவி அதற்குச் சண்டை போடவில்லை. "மேட்ச் போன்ல வருமாம்ல, பாப்பாவுக்குக் காட்டுறேன்" என்றாள். சண்டை போட்டிருக்கலாம். மகளுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு வருடமாக என்னை நேரில் பார்க்கவில்லை. அந்த லீவு அவளுடையது. ஒரு ஆட்டமாவது களத்தில் இறங்கி அவள் கண்ணில் பட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன்.

முதல் நாள் இரண்டாவது கேட்சருக்கு விசா தாமதம். கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று, முதல் கேட்சரின் மஞ்சள் புட்டியையே கடன் வாங்கிப் பூசிக்கொண்டேன். அவர் டொமினிக்கன் நாட்டுக்காரர், என் உயரம், என் நிறம். யாரும் கூப்பிடவில்லை. சாயந்திரம் வீடியோ காலில் மகள் கேட்டாள்:

"அப்பா, மஞ்சக் கலர் நகம் தெரிஞ்சுச்சு. அது நீங்கதான?"

என் கையில் மஞ்சள் இன்னும் இருந்தது. "ம்" என்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிறகு அதைக் காப்பாற்றுவதே பிழைப்பாகிவிட்டது. கேம்ப் பக்கத்துக் கடையில் அதே மஞ்சள் வாங்கினேன். புல்பென்னில் கேட்சர் விரல் காட்ட வேண்டியதே இல்லை, எறிகிறவரே என்ன பந்து என்று சொல்லிவிட்டு எறிவார். ஆனாலும் மேட்ச் நாளெல்லாம் பூசினேன். அதே கேட்சர் முகமூடியைக் கழற்றிவிட்டு பேட் பிடிக்க வரும்போது தாடியோடு இருக்கிறாரே என்று மகள் கேட்டபோது, பிடிப்பவர் வேறு, அடிப்பவர் வேறு என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக ஒன்பது பொய். சுவருக்குப் பின்னால் குத்தவைத்திருக்கும்போது களத்துக் கூச்சல் கேட்கும், யாருக்காக என்று தெரியாது. எறிபவர் கை சூடானதும் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுவார். நான் பந்துகளைப் பொறுக்கி வாளியில் போடுவேன். அவ்வளவு தனிமையை எட்டு வருடக் கேம்ப்பிலும் நான் பட்டதில்லை.

மூன்றாவது வாரம் மாட்டிக்கொண்டேன். சாயந்திர வெயிலில் மஞ்சள் தெரியவில்லை என்று பந்துவீச்சாளர்கள் சொல்ல, அந்த டொமினிக்கன்காரர் பச்சைக்கு மாறியிருக்கிறார். சுவருக்குப் பின்னால் இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? வழக்கம்போல் கையை ஆட்டிக்கொண்டே போனில் வந்தேன்.

"அப்பா, பச்சைதான போட்டிருந்தீங்க?"

கையைக் கீழே இறக்கினேன். பின்னாலிருந்து மனைவி குரல் வந்தது. "ரூமுக்கு வந்து மாத்திருப்பாரு. போ, போயி வீட்டுப்பாடம் எழுது."

மகள் போனதும் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அது நீங்க இல்லன்னு மொத நாளே தெரியும்."

"எப்பிடி?"

"பதிமூணு வருசமா பாக்குறேன். நீங்க குத்தவச்சு உக்கார்றது எனக்குத் தெரியாதா? அந்தாளு குதிகால் தரையில படவே இல்ல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப நீங்க எங்கதான் இருந்தீங்க?"

"சுவருக்குப் பின்னாடி."

"அங்க கேமரா வராதா?"

"வராதும்மா."

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால், விளையாடப் போய்விட்டாள் என்று மனைவி சொல்வாள். ஸ்கூல் விட்டு வந்து அவள் எங்கேயும் போகமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

தின்னர் போட்டு நகத்தைத் துடைத்தேன். ராமநாதபுரத்துக்காரர் கையைப் பார்த்தார், தொங்கவிட்ட தலையை மேலே இழுத்துக்கொண்டார். கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கேட்சர் இரண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். எனக்கு ஆட்டம் இல்லை என்பது காலையிலேயே உறுதி. ஆறாவது இன்னிங்ஸில் உயரமான பையன் ஒருவன் என்னிடம் எறிந்துகொண்டிருந்தான். அப்போது எதிரணிக்காரன் அடித்த பந்து சுவரைத் தாண்டி வந்து எனக்குப் பின்னால் எங்கோ விழுந்தது. கூச்சல் கேட்டது. நான் திரும்பவில்லை. பையனின் கையிலிருந்து பந்து கிளம்பிவிட்டிருந்தது, அதை விட்டுத் திரும்பினால் முகரை பெயர்ந்துவிடும். பிடித்தேன், திருப்பி எறிந்தேன். தோற்றோம். சட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம் என்றார்கள்.

கேம்ப் பஸ்ஸில் வரும்போது போன் அடித்தது. மகள்.

"அப்பா, இன்னிக்கு வந்தீங்க."

"நான் எங்கம்மா வந்தேன்?"

"அந்தப் பந்து சுவத்துக்கு அங்கிட்டு வந்துச்சுல்ல, கேமராவும் கூடவே வந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தீங்க."

முகமூடி, ஹெல்மெட், எல்லாரும் போடும் அதே சட்டை. நகத்தில் பூச்சும் இல்லை. பின்னால் இருந்து பார்த்தால் என்ன தெரிந்திருக்கும்?

"மூஞ்சியே தெரியலையேம்மா. நான்தான்னு எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"முதுகு தெரிஞ்சுச்சுல்ல. ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்டுக்குள்ள போறப்ப நானும் அம்மாவும் அதத்தான பாத்துக்கிட்டு நிப்போம்."