அலெக்ஸாண்டர் அலாப்பின நாள்

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் மல்வேர்னில் அலெக்ஸாண்டர் வீட்டுக்குப் போன் எடுத்து, ஏச்சு வாங்காமல் தப்பினவர் ஒருவரும் இல்லை. வீட்டுக்குள் சூட்டுக்காற்று வருகிற குழாயைத் துடைத்துத் தருகிறோம் என்று நாளுக்கு மூன்று தரம் எடுக்கிற கூட்டம் ஒன்று ரொறன்ரோவில் இருக்கிறது. அவர்களுக்கு, “லீவ் த லைன்!” என்று கத்துவான். பெண்சாதி எமில்டாவின் தமக்கை அன்ரனெற் எடுத்தால், “செத்தவீடோ, கலியாணவீடோ? இரண்டுமில்லையெண்டால் வையுங்கோ!” என்பான். ஊர்ச்சங்கத்தில் இருந்து எடுத்தவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதேலாது.

லைன் சும்மா கிடக்க வேண்டும். தம்பி யோசப் எடுப்பான். சீசன் முடிய எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்.

அலெக்ஸாண்டரை நல்ல மனிசன் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் அவனே சண்டைக்கு வருவான். நாற்பத்தேழு வயது. பிளாஸ்ரிக் வாளிக்கு மூடி அடிக்கிற கொம்பனியில் பதினாறு வருசம். பொறுப்பாக இருந்த மூன்று பேர் அவனால் வேலையை விட்டு ஓடினார்கள், அவன் நிற்கிறான். பந்தடியிலும் அப்படித்தான். பின்வரிசையில் நின்று எதிரியின் கெண்டைக்காலைப் பார்த்து அடிக்கிற சாதி. ரொறன்ரோத் தமிழ்க் கழகங்களின் போட்டியில் நடுவரைக் கார் நிறுத்துமிடம் வரைக்கும் துரத்திப்போய், ஆயுளுக்கும் தடை வாங்கினவன்.

ஆனால் ஒன்று. அலாப்ப மாட்டான்.

தோற்றுப்போட்டுத் தோற்கவில்லை என்று நிற்கிறதும், கோட்டை அழித்துப்போட்டு நான் உள்ளேதான் நின்றேன் என்று சத்தியம் பண்ணுகிறதும்தான் அலாப்பல். ஊரில் ஒருமுறை இறுதியாட்டம். பந்து இவர்களுடைய கோல் கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ளே போய்த் திரும்பி வந்தது. நடுவர் காணவில்லை. எதிர்க்குழுக்காரனே ஐமிச்சத்தில் நின்றான். அலெக்ஸாண்டர் கையைத் தூக்கி, “உள்ளை போனது” என்றான். கிண்ணம் பக்கத்து ஊருக்குப் போனது. மூன்று மாதம் ஊரில் ஒரு குஞ்சும் அவனோடு கதைக்கவில்லை. “போனதைப் போனதெண்டுதான் சொல்லலாம்” என்று அதற்கும் ஒரு முறைப்பு.

தம்பி யோசப் அதற்கு நேர் எதிர். பிறவி அலாப்பி. கடற்கரையில் இரண்டு கல்லை வைத்துக் கோல் என்று விளையாடும்போது, தன் பக்கத்துக் கல்லைக் காலால் தட்டித்தட்டி வாசலை ஒடுக்கிப்போடுவான். ஆறு கோல் வாங்கி நிற்பான். “சரி, முடிஞ்சுது” என்று அலெக்ஸாண்டர் பந்தைத் தூக்கினால் விடமாட்டான்.

“இன்னும் முடியேல்லை. இருட்டினாத்தான் முடிவு.”

இருட்டினால், “நிலவு கிடக்கு” என்பான்.

தொண்ணூற்றொன்றில் அலெக்ஸாண்டர் கனடா வந்தான். யோசப் இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கரைக்குப் போய், பேர்ணடெற்றைக் கட்டி, இரண்டு பெட்டைகளைப் பெற்று, கடலுக்குப் போய்க்கொண்டு, பின்னேரத்தில் பொடியளுக்குப் பந்து பழக்கினான். சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், அலெக்ஸாண்டர் போனபோது பதினைந்து பந்தடிச் சட்டை கொண்டுபோனான். ஸ்காபரோவில் ஒரு கடை பூட்டும்போது குவியலில் கிடந்தவை. பச்சையும் வெள்ளையும் கோடு. எந்த நாட்டுச் சட்டை என்று இருவருக்கும் தெரியாது.

யோசப் விசாரித்துக் கண்டுபிடித்தான். ரியல் பெற்றிஸ். ஸ்பெயின் நாட்டில் செவில் பட்டணத்துக் கழகம்.

“அண்ணை, உவங்கள் தோத்தாலும் வாழ்க எண்டு கத்திறவங்களாம். எங்கட ஆக்கள்தான்” என்று போனில் சிரித்தான்.

“தோக்கிறவனை என்னத்துக்கடா வாழ்த்திறது? விசரங்கள்.”

“சட்டை தந்தது நீங்கள். போட்டவனுக்கு விசுவாசம் வேணும். இந்தக் கிழமை என்ன நிலவரமெண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

அன்றைக்குப் பிடித்த சனியன். பெற்றிஸ் வென்றதோ தோற்றதோ என்று பார்த்துச் சொல்லவே அலெக்ஸாண்டர் கேபிளில் பந்துச் சனல் எடுத்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஏசிக்கொண்டே பார்த்தான்.

கடைசிப் பேச்சு பெப்ரவரியில். வலைஞர்மடத்தில் யாரிடமோ சற்றலைற் போன் இருந்தது. நூறு பேர் வரிசை, ஆளுக்கு இரண்டு நிமிசம். ஷெல் விழுகிற சத்தம் போனுக்குள்ளேயே கேட்டது. யோசப்தான் கேட்டான்.

“பெற்றிஸ் எப்பிடி?”

“பார்சலோனாவோடை இரண்டுக்கு இரண்டு.”

“மெய்யே! உந்தப் பெரிய கொம்பனோடையோ? அப்ப கீழ் டிவிசனுக்கு இறங்கமாட்டாங்கள்.”

“இறங்கமாட்டாங்கள். நீ பிள்ளையளைப் பார்.”

“சரியண்ணை, பின்னுக்கு ஆக்கள் நிக்கினம். சீசன் முடிய எடுக்கிறன். எத்தினையாம் இடமெண்டு சொல்லோணும்.”

அவ்வளவுதான்.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். அன்னையர் தினத்தன்று சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறிக் குந்தியபோது அலெக்ஸாண்டரும் குந்தினான். எட்டு நாளில் எல்லாம் முடிந்தது என்று ரிவி சொன்னது. அந்தக் கிழமை வவுனியாவில் இருந்து ஒரு பாதர் எடுத்தார். பேர்ணடெற்றும் பெட்டைகளும் செட்டிகுளம் முகாமில். யோசப் பதினைந்தாம் திகதி மத்தியானம் தண்ணீர் தேடிப் போனவன். இந்தா வாறன் என்று சொன்னவன், வரவில்லை.

மூன்றாம் நாள் செபமாலை வந்தார். ஊர்ச்சங்கத்துச் செயலாளர், அறுபது வயது, கையில் எப்போதும் ஒரு பைல். மே முப்பத்தொன்று ஞாயிறு நாலு மணிக்கு செத்துப்போன ஊராட்கள் எல்லோருக்குமாக ஆத்தும இளைப்பாற்றிப் பூசை. பாதர் பெயர்களை வாசிப்பார். படங்கள் போட்டுப் பெரிய பனரும் அடிக்கப் போகிறது. இருபத்தாறு பேர் சேர்ந்தாயிற்று.

“யோசப்பின்ரை படம் ஒண்டு தா அலெக்ஸ். வடிவான படமாப் பாத்துத் தா” என்றார்.

“என்னத்துக்கு?”

“என்னத்துக்கோ? உனக்கு விளங்கேல்லையோ?”

“எனக்கு விளங்குது. உங்களுக்குத்தான் ஆள் காணாமல் கிடக்கு. இருபத்தாறு காணாதோ, இருபத்தேழாக்க என்ரை தம்பி வேணுமோ?”

“பெண்சாதியே சொல்லிப்போட்டாள், போனவன் வரேல்லையெண்டு.”

“போனவன் எண்டுதான் சொன்னவள். செத்தவன் எண்டு சொன்னவளோ? உங்கடை காதிலை சொன்னவளோ?”

எமில்டா தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் பாதி தட்டில் ஊற்றுப்பட்டது.

“அண்ணை, நான் படம் தாறன்” என்றாள். “இவருக்கு விசர். உள்ளை அல்பத்திலை இருக்கு.”

“தொட்டால் தெரியும்!”

“என்ன தெரியும்? ஊரே செத்துக் கிடக்கு, இவர் பந்து பாக்கிறார். பேர் சொல்லி ஒரு பூசை ஒப்புக்குடுக்காட்டி அந்த ஆத்துமம் எங்கை போய் நிக்கும்? நாய்க்கும் ஒரு குழி வெட்டுவினம்.”

அலெக்ஸாண்டருக்கு அந்த வார்த்தை பட்டது. எழும்பி நின்றான்.

“சரி. கேளுங்கோ இரண்டு பேரும். அவன் சீசன் முடிய எடுக்கிறன் எண்டவன். முப்பத்தொண்டாம் திகதிதான் கடைசி ஆட்டம். மூண்டு மணிக்கு முடிஞ்சிடும். அதுக்கும் போன் வராட்டி நானே வந்து என்ரை கையாலை பேரை எழுதித் தாறன். அதுவரைக்கும் இந்த வீட்டுப்பக்கம் ஒருத்தரும் வரக்கூடாது.”

“சொல்லு மாறமாட்டியே?”

“நான் எப்பவாவது அலாப்பினனானோ?”

செபமாலை யோசித்தார். இல்லை என்று அவருக்கே தெரியும். அன்றைக்குக் கிண்ணத்தை இழந்த குழுவுக்குத் தலைவர் அவர்தான். “பனரிலை இடம் விட்டு அடிப்பிக்கிறன்” என்று சொல்லிப் பைலை மூடினார்.

அதற்குப் பிறகு பத்து நாள் அந்த வீட்டில் இருவர் இருந்தார்கள், பேச்சு இருக்கவில்லை. எமில்டா அடுப்படியில் செபம் சொல்லுவாள். இவன் கதிரையைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பான். குழாய் துடைக்கிறவர்கள் எடுப்பார்கள். ஏச்சு வாங்குவார்கள்.

ஞாயிறு மத்தியானம் ஆட்டம் தொடங்கியது. அலெக்ஸாண்டர் மிச்சம் வைத்திருந்த பச்சை வெள்ளைச் சட்டையைப் போட்டான். வயிறு உள்ளே போக மறுத்தது. எமில்டா கறுப்புச் சீலை உடுத்திக்கொண்டு வந்து, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தள்ளி இருந்தாள். பெற்றிசுக்குச் சொந்த மைதானம். எதிர்ப்பக்கம் வல்யடோலிட். வென்றால் தப்பலாம்.

ஒரு கட்டத்தில் போன் அடித்தது. அலெக்ஸாண்டர் பாய்ந்த பாய்ச்சலில் கதிரை கவிழ்ந்தது.

“அலெக்ஸ், நான் செபமாலை. பாதர் பெயர்ப் பட்டியல்…”

“லைனை விடடா மூதேவி!”

அறுபது வயது மனிசனை டா போட்டுவிட்டான். எமில்டா நெஞ்சில் சிலுவை போட்டாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. நின்றது நின்றதுதான். பெற்றிசுக்கு நாற்பத்திரண்டு புள்ளி. கெற்றாஃபே என்கிற இன்னொரு கழகத்துக்கும் நாற்பத்திரண்டு. சரிசமன். ஆனால் இரண்டு பேரும் தங்களுக்குள் விளையாடின கணக்கைப் பார்த்து அவனை மேலே விட்டு இவனைக் கீழே இறக்கினார்கள். சத்தமில்லாத ரிவியில் பெரிய ஆம்பிளைகள் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு அழுதார்கள்.

“என்னவாம்?” என்று எமில்டா கேட்டாள். பத்து நாளில் முதல் பேச்சு.

“இறங்கிட்டாங்கள்.”

“அப்ப இனி அவங்கள் இல்லையோ?”

“ஏன் இல்லை? இருக்கிறாங்கள். இரண்டாம் டிவிசன். ஓகஸ்ட் கடைசியிலை அங்கை தொடங்கோணும்.”

“பின்னை ஏன் செத்தவீடு மாதிரி அழுகினம்?”

அலெக்ஸாண்டர் ரிவியை நிறுத்தினான். மூன்றே கால் வரை போனைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு வீட்டு லைனைத் தன் செல்போனுக்கு மாற்றிவிட்டுத் கார்த் திறப்பை எடுத்தான். சட்டையை மாற்றச் சொல்லி எமில்டா சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

கோவில் மண்டபத்தில் இருநூறு பேர் இருப்பார்கள், எல்லோரும் கறுப்பு. நடுவில் பச்சை வெள்ளைக் கோட்டோடு இவன் போக, சனம் விலகியது. “உவனுக்கு இண்டைக்கும் பந்தடி” என்று யாரோ பல்லைக் கடித்தார்கள். மேடையில் பனர் தொங்கியது. இருபத்தாறு முகம். கடைசி வரிசையில் ஒரு சாம்பல் நிறச் சதுரம்.

செபமாலை மேசையடியில் இருந்தார். டா போட்டது இன்னும் முகத்தில் நின்றது.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“போன்?”

“வரேல்லை.”

அவர் தாளைத் திருப்பிப் பேனையை மேலே வைத்தார். இருபத்தாறு பெயருக்குக் கீழே வெறும் இருபத்தேழு என்று இலக்கம் மட்டும் போட்டிருந்தது.

“எழுது. சொன்ன சொல்லு.”

அலெக்ஸாண்டர் பேனையை எடுத்தான். குனிந்தான். ‘யோ’ எழுதினான். அந்த எழுத்துக்கு மேலே கை போகவில்லை. புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி. ஒரே பங்கர், ஒரே பசி, ஒரே கரை. பேர்ணடெற் இந்தப் பக்கம், அவன் தண்ணீருக்குப் போன பக்கம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கினார்கள்.

பிறகு எழுதினதை வெட்டினான். தாள் கிழியும் அளவுக்கு வெட்டினான்.

“என்னடா செய்யிறாய்?”

“இன்னும் முடியேல்லை.”

“இப்பதானே முடிஞ்சுது எண்டனீ!”

“அது மேல் டிவிசன். ஓகஸ்ட் கடைசியிலை கீழை தொடங்குது. அந்தச் சீசன் முடியட்டும்.”

“டேய்! உது… உது அலாப்பல்!” செபமாலை எழும்பிவிட்டார். “இருநூறு சனத்துக்கு முன்னாலை அலாப்பிறாய்! சொல்லு தந்தனீ!”

“தந்தனான். இப்ப அலாப்பிறன். என்ன செய்யப் போறீங்கள்? தடை போடுங்கோ. ஆயுளுக்கும் போடுங்கோ.”

எமில்டா பின்னால் வந்து நின்றாள். செபமாலை அவளைப் பார்த்தார், நீயாவது சொல்லு என்கிற மாதிரி. அவள் கைப்பைக்குள் கையை விட்டு எதையோ தொட்டாள். யோசப்பின் படம். காலையிலேயே எடுத்து வைத்திருந்தாள். வெளியே எடுக்கவில்லை. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

அந்த நேரம் அலெக்ஸாண்டருடைய செல்போன் அடித்தது.

இருமினவன் நிறுத்தினான். பல்லைக் கடித்தவன் வாயைத் திறந்தபடி நின்றான். செபமாலை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் போனைப் பார்த்தார். நம்பர் விழவில்லை. தூரத்து அழைப்புக்கும் அப்படித்தான் விழாது.

அலெக்ஸாண்டர் காதில் வைத்தான். ஒரு கணம், இரண்டு கணம். முகம் முறுகியது.

“லீவ் த லைன்!” என்று கத்தினான். சுவரில் பட்டுத் திரும்பியது.

“ஆர்?” என்று செபமாலை கேட்டார். குரல் கீழே போய்விட்டிருந்தது.

“ஆர்? குழாய் துடைக்கிற நாயள்.”

செபமாலை கதிரையில் இருந்தார். வெட்டின தாளைத் தன் பக்கம் இழுத்து, இருபத்தேழு என்ற இலக்கத்தையும் ஒரு கோடு போட்டு அழித்தார். பைலை மூடினார்.

“ஓகஸ்ட்டிலையோ தொடங்குது?”

“ஓகஸ்ட் கடைசி.”

செபமாலை அவனை மேலும் கீழும் பார்த்தார். வயிற்றில் இறுகி நின்ற பச்சை வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

“அலாப்பி” என்றார்.